கரண்ட் போகாத ஊர்ல ஜெனரேட்டர் ஏன் ஸ்டார்ட் ஆகாது?

அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையில இருந்து உள்ள போற ஒரு சந்துல எங்க காம்பவுண்ட். நாலு வீடு, நாலு வீட்டுக்கும் பொதுவா ஒரு 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். அதைப் பார்த்துக்கிற பொறுப்பு என்கிட்ட இருக்கு. "நீதான் கண்டதையும் படிக்கிறியே, இதையும் பார்த்துக்கோ" என்று வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்து ஆறு வருஷம் ஆகுது.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்திருந்தது. கரை கடந்தும் நகராம நின்னு, உள் மாவட்டங்கள்ல கொட்டித் தீர்த்தது. அன்னைக்குச் சாயங்காலம்தான் மலையோட ஊர்ப்பக்கச் சரிவுல, வ.உ.சி. நகர்ல மண் சரிஞ்சு ஏழு பேர் இறந்தாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. அந்தச் சேதி முழுசா எங்களுக்குத் தெரிய வர்றதுக்குள்ள எங்க பக்கம் கரண்ட் போயிருந்தது.

மாடியில ஒரு பாட்டி இருக்காங்க. நுரையீரல் பிரச்சினை, ராத்திரியில ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இல்லாம முடியாது. அந்த மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். அவங்க வீட்டு இன்வெர்ட்டர் மூணு மணி நேரத்துல கத்த ஆரம்பிச்சது. "தம்பி, ஜெனரேட்டர் போட்டுடுப்பா"ன்னு பாட்டியோட பொண்ணு மேல இருந்து குரல் குடுத்தாங்க. குடையோட போய்ச் சாவியைத் திருப்பினேன். பேனல் டிஸ்பிளே மங்கலா ஒரு தடவை மின்னிச்சு. 'டக்'னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கல.

டேங்க்ல டீசல் முக்கால்வாசி இருந்தது. ஆயில் மாத்தி மூணு மாசம்கூட ஆகல. எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. போனது பேட்டரி.

நல்லவேளை, வீட்ல சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு இருந்தது. அதை வச்சுச் சமாளிச்சுட்டு, ரெண்டு தெரு தள்ளி டிராக்டர் வச்சிருக்கிற அண்ணனை எழுப்பி, மழையிலயே டிராக்டரைக் கொண்டுவந்து, அதோட பேட்டரியில இருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினோம். நாற்பது நிமிஷம் ஆச்சு. பாட்டிக்கு ஒண்ணும் ஆகல. "இன்னா தம்பி, இவ்ளோ பெரிய மெஷினுக்கு இத்துனூண்டு பேட்டரியைப் பார்த்துக்க முடியலையா?"ன்னு அண்ணன் கேட்டுட்டுப் போனாரு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினப்ப எழுதி வச்ச குறிப்புகள்தான் இது.

டீசல் எஞ்சினுக்கு எதுக்குப் பேட்டரி?

டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள்ள காத்தை பதினாறுல இருந்து இருபதுல ஒரு பங்கா அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல சூடாகும். அந்தச் சூட்டுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். ஆனா காத்தை அப்படி அழுத்த, யாராவது எஞ்சினை வெளியில இருந்து வேகமா சுத்திவிடணும். மெதுவாச் சுத்தினா சூடு சிலிண்டர் சுவர்ல கசிஞ்சு போயிடும், தீ பிடிக்காது.

நம்ம ஊர் வயல்கள்ல ஓடின பழைய ஆயில் எஞ்சின்களைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிட்டு, ஹேண்டில் போட்டு ரெண்டு கையாலயும் சுத்தி, வேகம் பிடிச்சதும் லீவரை விடுவாங்க. அதுக்குப் பேட்டரியே வேண்டாம். பௌர்ணமி அன்னைக்குக் கிரிவலப் பாதைக் கடைகள்ல இருக்கிற சின்ன ஜெனரேட்டரும் கயிறு இழுத்தா ஓடிடும். கொஞ்சம் பெரிய எஞ்சினா இருந்தா கையால முடியாது. கார்ல இந்த ஹேண்டில் வேலையை ஒழிச்சுக் கட்டினவர் சார்லஸ் கெட்டரிங். அவரோட மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்ல வந்தது. அதுக்கு வேண்டிய லெட்-ஆசிட் பேட்டரி அதைவிடப் பழசு. பிரான்ஸ்ல காஸ்டன் பிளாண்டே 1859-ல கண்டுபிடிச்சது. ஜெனரேட்டர்ல இன்னைக்கும் அதே ஜோடிதான்: ஈயத் தகடும் கந்தக அமிலமும் ஒரு பக்கம், செல்ஃப் மோட்டார் இன்னொரு பக்கம்.

பேட்டரி பாதி செத்திருந்தா என்ன ஆகும்? செல்ஃப் மோட்டாரோட சோலனாய்டு இழுத்து கான்டாக்ட் போடும். உடனே மோட்டார் நூத்துக்கணக்கான ஆம்பியர் கேட்கும், வோல்டேஜ் சரியும், சோலனாய்டு பிடியை விட்டுடும். விட்டதும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், மறுபடி இழுக்கும். 'டக் டக் டக்'னு கேட்கிற சத்தம் இதுதான். சுத்தமா செத்திருந்தா எங்களுக்குக் கேட்ட மாதிரி ஒரே ஒரு 'டக்'.

சாவி திருப்புறதால பேட்டரி சாகிறது இல்ல

நான் ரொம்ப நாளா தப்பா நினைச்சுட்டிருந்தது இது. ஸ்டார்ட் பண்ணும்போதுதான் பேட்டரி தீருதுன்னு நினைச்சேன். கணக்குப் போட்டுப் பாருங்க.

எங்களோடது மாதிரி எஞ்சின் ஸ்டார்ட் ஆக சுமார் 200 ஆம்பியர், அஞ்சு செகண்ட்னு வச்சுக்கலாம். பெருக்கினா 1000 ஆம்பியர்-செகண்ட். 3600-ஆல வகுத்தா 0.28 ஆம்பியர்-அவர். எங்க பேட்டரி 80 ஆம்பியர்-அவர். அதாவது ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண, பேட்டரியில இருக்கிறதுல முந்நூத்துல ஒரு பங்குதான் செலவு. எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் டைனமோ சில நிமிஷத்துல அதைத் திருப்பிக் கொடுத்துடும்.

சும்மா நிக்கிறதுக்கு என்ன செலவு? டிஜிட்டல் கன்ட்ரோல் பேனல் வந்த பிறகு ஜெனரேட்டர் 'ஆஃப்'ல இருக்கும்போதும் முழுசா ஆஃப் ஆகிறது இல்ல. பேனல் விழிச்சுட்டேதான் இருக்கும். மல்டிமீட்டரைச் சீரிஸ்ல போட்டு எங்க பேனலை அளந்தேன்: 100 மில்லிஆம்பியர். ஒரு நைட் லேம்ப்பைவிடக் கம்மிதான். ஆனா அது 24 மணி நேரமும் இழுக்குது. ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-அவர். எட்டு தடவைக்கு மேல ஸ்டார்ட் பண்ற செலவு, தினமும், ஒரு வேலையும் நடக்காம.

இப்போ என் தப்புக்கு வரேன். அக்டோபர் 31 தீபாவளி. சீரியல் செட் போட பிளக் பாயின்ட் பத்தல. ஜெனரேட்டர் ரூம்ல பேட்டரி சார்ஜர் மாட்டியிருந்த பிளக்கைக் கழட்டிட்டு அதுல சீரியல் செட்டை மாட்டினது நான்தான். பண்டிகை முடிஞ்சு சீரியல் செட்டைக் கழட்டினேன். சார்ஜரைத் திரும்ப மாட்ட மறந்துட்டேன். அன்னையில இருந்து டிசம்பர் 1 வரைக்கும் 31 நாள். 31-ஐ 2.4-ஆல பெருக்குங்க: 74.4 ஆம்பியர்-அவர். மூணு வருஷப் பழைய 80 ஆம்பியர்-அவர் பேட்டரியில நிஜமா 80 இருந்திருக்காது. அது புயலுக்கு முன்னாடியே செத்திருக்கும். எங்களுக்குத்தான் புயல் அன்னைக்குத் தெரிஞ்சது.

அந்த ஒரு மாசத்துல ஏன் யாருக்கும் தெரியல? கரண்ட் போகாததால. போனாலும் அஞ்சு பத்து நிமிஷம்தான், அதை இன்வெர்ட்டர் பார்த்துக்கிச்சு.

2012 ஞாபகம் இருக்கா? சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல கரண்ட் கட். அப்போ ஜெனரேட்டர் வச்சிருந்தவங்க யாரும் ஸ்டார்ட்டர் பேட்டரியைப் பத்திப் பேசினதா எனக்கு ஞாபகம் இல்ல. டீசல் விலையைப் பத்திதான் பேச்சு. தினமும் மணிக்கணக்குல ஓடின எஞ்சின், பேட்டரியைத் தானே நிரப்பி வச்சது. இன்னைக்குக் கரண்ட் நல்லா இருக்கு. ஜெனரேட்டர் வாரக்கணக்குல தூங்குது. பேட்டரி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா காலியாகுது. கரண்ட் எவ்வளவு நல்லா இருக்கோ, அவ்வளவு கவனம் பேட்டரிக்குத் தேவை.

"வாரம் பத்து நிமிஷம் ஓட்டினா போதும்"

எல்லாரும் சொல்ற யோசனை இது. இதையும் கணக்குல பார்ப்போம். டைனமோ 10 ஆம்பியர் கொடுக்குதுன்னு வச்சுக்கிட்டா, பத்து நிமிஷத்துல 1.7 ஆம்பியர்-அவர் உள்ள போகும். ஸ்டார்ட் பண்ணின செலவு 0.28 போக மிச்சம் 1.4. அதே வாரத்துல பேனல் இழுத்தது 16.8. பத்து ரூபாய்க்கு மேல செலவு பண்ணிட்டு ஒரு ரூபாய் உண்டியல்ல போடுற கதை.

மாசம் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறது நல்லதுதான், ஆனா அது எஞ்சினுக்காக. அமெரிக்காவுல அவசர ஜெனரேட்டர்களுக்கான என்.எஃப்.பி.ஏ. 110 விதி, மாசம் ஒரு தடவை 30 நிமிஷம், குறைஞ்சது 30 சதவீத லோடோட ஓட்டணும்னு சொல்லுது. லோடு இல்லாம ஓட்டினா டீசல் சரியா எரியாம புகைக்குழாய்ல கரி படியும். பேட்டரி நிரம்ப இது பத்தாது. காலியான 80 ஆம்பியர்-அவர் பேட்டரி நிரம்ப 10 ஆம்பியர்ல எட்டு மணி நேரத்துக்கும் மேல வேணும்.

சரி, என்னதான் பண்றது?

மூணு வழி இருக்கு.

முதல் வழி, ஃப்ளோட் சார்ஜர். வீட்டுக் கரண்ட்ல இருந்து 24 மணி நேரமும் பேட்டரியை 13.5-இல் இருந்து 13.8 வோல்ட் வரை பிடிச்சு வைக்கிற சின்ன சார்ஜர். பேட்டரி கடையில இருக்கிற பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரை இதுக்குப் பயன்படுத்தாதீங்க. அது நிரம்பினது தெரியாம தள்ளிக்கிட்டே இருக்கும். தண்ணி கொதிச்சு வத்தும், தகடு அரிக்கும். ஒரு மாசம் அதுலயே விட்டா, சார்ஜ் இல்லாம சாகிறதுக்குப் பதிலா அதிக சார்ஜ்ல சாகும். வெயில் கணக்கும் முக்கியம். 13.5, 13.8 எல்லாம் 25 டிகிரிக்குச் சொன்ன அளவு. நம்ம ஊர் மே மாசத்துல ஷீட் போட்ட ஜெனரேட்டர் ரூம் 40 டிகிரியைச் சாதாரணமா தாண்டும். அந்தச் சூட்டுல சுமார் 0.3 வோல்ட் குறைக்கணும். வெப்பத்துக்கு ஏத்த மாதிரி தானா குறைச்சுக்கிற சார்ஜரா கேட்டு வாங்குறது நல்லது.

அப்புறம், சார்ஜரைப் பிளக்ல மாட்டாதீங்க. நேரா ஒயரிங் பண்ணிடுங்க. பிளக் இருந்தா என்னை மாதிரி ஒருத்தர் கழட்டுவார்.

ரெண்டாவது வழி, சின்ன சோலார் பேனல். ஜெனரேட்டர் இருக்கிற இடத்துல கரண்ட் லைன் இல்லைன்னா இதுதான் சரி. 10 வாட் பேனல் நல்ல வெயில்ல அரை ஆம்பியர் கொடுக்கும். அஞ்சு மணி நேரம் வெயில்னா 2.5 ஆம்பியர்-அவர். எங்க பேனல் ஒரு நாளைக்கு இழுக்கிற 2.4-க்குச் சரியா இருக்கு. ஆனா கார்த்திகை, மார்கழி மேகத்துல பத்தாது. அதனால 20 வாட் போடுங்க, நடுவுல சார்ஜ் கன்ட்ரோலர் கண்டிப்பா இருக்கணும்.

மூணாவது வழி, கட்-ஆஃப் ஸ்விட்ச். கையால ஸ்டார்ட் பண்ற ஜெனரேட்டரா இருந்தா, பேட்டரி நெகட்டிவ்ல ஒரு ஐசொலேட்டர் ஸ்விட்ச் போட்டு, தேவை இல்லாதப்ப துண்டிச்சு வைக்கலாம். பேனல் இழுக்கிறது நின்னுடும். ஆனா பேட்டரி தானாவும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். 25 டிகிரியில மாசத்துக்கு 4, 5 சதவீதம்னா, பத்து டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனால மாசம் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டியதுதான். கரண்ட் போனதும் தானா ஸ்டார்ட் ஆகிற ஜெனரேட்டருக்கு இந்த வழி சரிப்படாது.

பேட்டரியைக் காலியா விட்டு வைக்கிறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. சார்ஜ் இறங்கும்போது தகடு மேல லெட் சல்பேட் படியும். உடனே சார்ஜ் பண்ணினா அது கரைஞ்சு போயிடும். வாரக்கணக்குல அப்படியே விட்டா பெரிய படிகமா இறுகி, அந்த அளவுக்குத் தகடு வேலைக்கு ஆகாது. எங்க பேட்டரியை ராத்திரி முழுக்க ஓடின எஞ்சினும், அப்புறம் கடைக்காரர் ரெண்டு நாள் போட்ட மெதுவான சார்ஜும் சேர்ந்துகூடக் காப்பாத்த முடியல. லோடு டெஸ்ட்ல படுத்துடுச்சு. "சார், ரெண்டு செல் போயிடுச்சு"ன்னாரு. புதுசுதான் வாங்கினோம்.

பௌர்ணமிக்கு மூணு நாள் முன்னாடி

நல்ல பழக்கத்தை ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோட முடிஞ்சு வச்சாதான் நிக்கும். கிரிவலப் பாதையில குடியிருக்கிற யாரும் பௌர்ணமியை மறக்க முடியாது. வீட்டுக்குள்ள வண்டி வராது, பால்காரர் சீக்கிரம் வந்துடுவாரு. அதனால எங்க பேட்டரி நாள், பௌர்ணமிக்கு மூணு நாள் முன்னாடி. மூணு நாள் எதுக்குன்னா, ஏதாவது குறை இருந்தா சார்ஜ் போடவோ புதுசு வாங்கவோ நேரம் வேணும். கூட்டத்துக்கு நடுவுல பேட்டரியைத் தூக்கிட்டுப் போக முடியாது. வேற ஊர்க்காரங்க, பேப்பர்ல 'நாளை மின்தடை'ன்னு மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு வருதே, அதை வச்சுக்கலாம்.

அன்னைக்குச் செய்றது இவ்வளவுதான்:

முந்தின நாள் ராத்திரி சார்ஜரை ஆஃப் பண்ணிடுவேன். சார்ஜர் ஓடும்போது அளந்தா அது காட்டுறது சார்ஜரோட வோல்டேஜ். காலையில மல்டிமீட்டர் வச்சுப் பார்க்கணும். 12.6-க்கு மேல இருந்தா முழு சார்ஜ். 12.4-க்குக் கீழ போனா கவனிக்கணும். 12.2-ன்னா பாதிதான் இருக்கு. 12-க்குக் கீழ போயிடுச்சுன்னா அன்னைக்கே சார்ஜ் போடணும். பார்த்தீங்கன்னா, முழுசுக்கும் பாதிக்கும் நடுவுல அரை வோல்ட்கூட இல்ல. அதனால ஒரு தசம இடம் காட்டுற மீட்டர் பத்தாது, ரெண்டு இடம் காட்டணும்.

அடுத்து, மீட்டர் முள்ளை டெர்மினல்ல வச்சுக்கிட்டே ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும். சுத்தும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழ விழக் கூடாது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிட்டு, சுத்தும்போது 8-க்கு விழற பேட்டரிகள் உண்டு. ஆளைப் பார்த்தா ஆரோக்கியம், படி ஏறினா மூச்சு வாங்கும். அதை மாத்தத்தான் வேணும். எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் 13.8-இல் இருந்து 14.4 வரை காட்டினா டைனமோ சரியா இருக்கு.

சாதாரணத் தண்ணி ஊத்துற பேட்டரின்னா மூடியைத் திறந்து தகடு மூழ்கி இருக்கான்னு பார்க்கணும். குறைஞ்சிருந்தா டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். போர் தண்ணியில இருக்கிற உப்பு தகட்டைக் கெடுக்கும், ஆர்.ஓ. தண்ணியும் வேண்டாம். ஆசிட் ஊத்தவே கூடாது, ஆவியாகிறது தண்ணிதான். டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா சமையல் சோடா கலந்த வெந்நீர்ல கழுவி, துடைச்சு, இறுக்கி, மேல வாசலின் தடவணும். பேட்டரி நல்லா இருந்தும் செல்ஃப் எடுக்காததுக்கு லூஸ் டெர்மினல் ஒரு பெரிய காரணம். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில.

ஒரு எச்சரிக்கை. சார்ஜ் ஆகும்போது பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். ஆயுத பூஜைக்கு ஜெனரேட்டருக்கும் பொட்டு வச்சு, பேட்டரி மேலயே கற்பூரம் ஏத்துறதைப் பார்த்திருக்கேன். பொட்டு வைங்க, பூ போடுங்க. கற்பூரத்தை ரூமுக்கு வெளியே காட்டுங்க.

வேற வண்டியில இருந்து ஒயர் கொடுக்கிற நிலைமை வந்தா, முதல்ல ரெண்டும் 12 வோல்ட்தானான்னு பாருங்க. பெரிய ஜெனரேட்டர்கள்ல ரெண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட் இருக்கும். பாசிட்டிவோட பாசிட்டிவ் சேர்த்துட்டு, கடைசி நெகட்டிவ் கிளிப்பை ஜெனரேட்டரோட பேட்டரியில மாட்டாம, எஞ்சினோட வெறும் இரும்புல, பேட்டரியில இருந்து தள்ளி மாட்டுங்க. தீப்பொறி அங்கே வந்தா பரவாயில்ல.

வீட்ல ஆக்சிஜன் மெஷின்ல இருக்கிறவங்க இருந்தா, ஜெனரேட்டரை மட்டும் நம்பாதீங்க. சிலிண்டர் ஒண்ணு நிரப்பி வச்சிருங்க. அன்னைக்கு எங்களைக் காப்பாத்தினது அதுதான்.

இப்போ எங்க சார்ஜர் நேரா ஒயரிங்ல இருக்கு. பேனல்ல பேட்டரி வோல்டேஜ் குறைஞ்சா கத்துற அலாரம் செட்டிங் ஒண்ணு இருந்தது, வாங்கின நாள்ல இருந்து ஆஃப்ல இருந்திருக்கு, அதையும் போட்டாச்சு. ஜெனரேட்டர் ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு காலண்டர் அட்டை. மாசா மாசம் தேதி, காலை வோல்டேஜ், சுத்தும்போது வோல்டேஜ், அவ்வளவுதான் எழுதுவேன். எழுதி வச்சா 12.68, 12.66, 12.59-ன்னு இறங்கிட்டு வர்றது முன்னாடியே கண்ணுல படும். பாட்டியோட பொண்ணும் இப்போ அந்த அட்டையைப் பார்க்கக் கத்துக்கிட்டாங்க. போன மாசம் நான் ஊர்ல இல்லாதப்ப அவங்களே அளந்து எழுதியிருக்காங்க: 12.67, 10.4. பக்கத்துல ஒரு டிக்.